இரண்டாம் கட்டைக்கு நான் பூசிய மஞ்சள்

என் மகளின் பள்ளிக்கூட ஒப்படைகளை நான்தான் செய்கிறேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வருடங்கள் ஆயின. (எங்கள் வகுப்பில் எல்லா அம்மாமாரும் அப்படித்தான். "எங்கள் வகுப்பு" என்று எழுதிவிட்டேன், பாருங்கள்.)

அப்போது அவள் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். தலைப்பு, "எமது வீதியின் பாதையும் வரலாறும்". எங்கள் வீதி கொட்டகலைக்கு அப்பால் பிரதான வீதியிலிருந்து பிரிந்து, தேயிலைக்குள் நான்கு மைல் வளைந்து, ஃபெக்டரி வாசலில் மூச்சை விட்டுவிடும். அரசாங்க வீதிதான்; இலக்கம்கூட உண்டு. அந்தக் காலத்தில் தேயிலைப் பெட்டிகளை மாட்டுவண்டியில் ஸ்டேஷனுக்கு இறக்க வெட்டியதாம். வரலாறு அரைப் பக்கத்தில் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு மைல்கட்டையையும் படம் பிடித்து ஒட்ட வேண்டும், மொத்த மதிப்பெண்ணில் கட்டைக்கு இரண்டு புள்ளி என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஒன்று, மூன்று, நான்கு கிடைத்தன. இரண்டாம் கட்டையை மட்டும் காணவில்லை. மறுநாள் ஒப்படை கொடுக்க வேண்டும்.

பஜாருக்குப் போய்த் திரும்பும்போது, ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே, தேயிலை ஓரம் பாசி மூடிய ஒரு கல்லைக் கண்டேன். முட்டி போட்டு வீட்டுச் சாவியால் சுரண்டினேன். ஏதோ கோடுகள். பொடி தேய்த்தால் எழுத்து தெளியும் என்று எங்கோ படித்த ஞாபகம். பையில் மஞ்சள் தூள்தான் இருந்தது. தேய்த்தேன், தாராளமாக.

நிமிர்ந்தால், கொழுந்து நிறுக்கப் போன பெண்கள் பத்துப் பேர் பின்னால் நிற்கிறார்கள். எல்லோருக்கும் முன்னால் பக்கத்து லய வீட்டுச் சரோஜாக்கா.

"படிச்ச புள்ள முட்டி போட்டு கும்பிடுது பாருங்கடி!"

"இல்லக்கா, இது மைல்கட்டைங்க."

"மஞ்ச பூசுன கல்லுக்கு வேற பேரு வேறயாம்மா?"

இங்கே மலைக்கு மலை ஒரு சாமிக்கல் உண்டு. அதைக் கும்பிடாமல் யாரும் கொழுந்தில் கை வைக்க மாட்டார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே சாமியாக இருந்து, நான் சாவியால் சுரண்டி... பிள்ளைக்கு ஏற்கெனவே சளி. எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பைக் கழற்றினேன்.

அவ்வளவுதான். பத்துப் பேரும் கூடையை இறக்கினார்கள்.

போனில் சார்ஜ் இல்லை. வீட்டுக்கு ஓடி, சார்ஜ் ஏற்றிக்கொண்டு நாலு மணிக்கு வந்தால், கல் சிவப்புப் பட்டுடுத்தி, குங்குமமிட்டு, எலுமிச்சம்பழ மாலையோடு வீற்றிருந்தது. ஒரு பஸ் நின்றது. டிரைவர் இறங்கிக் கற்பூரம் காட்டினார்.

"அக்கா, அந்தத் துணிய கொஞ்சம் தூக்குங்க. ஒரே ஒரு போட்டோ."

சரோஜாக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி துணிய அவுத்து போட்டோவா? கண்டுபுடிச்ச நீங்களே இப்புடி பேசலாமா? இந்தாங்க, மொத சுண்டல் ஒங்களுக்குத்தான்."

வாங்கிக்கொண்டேன். (வாங்காமல் வந்தால் சளி கூடிவிடுமே.)

பட்டோடு எடுத்த படத்தையே ஒட்டினேன். டீச்சர் கீழே எழுதினார்: "அழகான சாமி. மைல்கட்டை எங்கே?" இரண்டு புள்ளி போயிற்று.

இப்போது அங்கே தகரக் கூரை, மணி, உண்டியல் எல்லாம் உண்டு. "புதுக்கோயில் எறங்குங்க!" என்று கண்டக்டர்கள் கூவுகிறார்கள். வீதியை அகலமாக்க வந்தவர்களும் அந்த இடத்தில் மட்டும் ஒதுக்கி வளைத்துப் போட்டுவிட்டார்கள். வரலாறு எழுதப் போன நான் பாதையையே மாற்றிவிட்டேன்.

மகள் இப்போது ஏழாம் ஆண்டு. கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கி வந்தால், மீதி எங்கே என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவளும் என் கணவரும் ஒரே குரலில் சொல்வார்கள்:

"ரெண்டு புள்ளி சாமிக்கு நேந்து விட்டாச்சு!"