ஆளில்லாக் கதிரையில் எரியும் விளக்கு

கண்டி,
தை 1994.

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அச்சுக்கூடத்தாரும் நலமுடன் இருக்க வேண்டுகிறேன். தங்கள் இதழின் தொடக்குநருக்கான இலத்திரனியல் பகுதியில் வெளிவந்த அமுக்க உணரியில் ஒரு குறை உளது. அதை முறைப்படி அறிவிக்கிறேன்.

தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள் இரண்டு, நடுவே துளையிட்ட ஸ்பொன்ச், வயர், பற்றரி, டோர்ச் பல்ப், யாவும் விதிப்படியே. மெத்தையின் கீழ் வைத்தால், ஆள் அமர்ந்ததும் விளக்கு எரியும் என்றீர்கள். பரிசோதனைக்கு வெறுங்கதிரை வேண்டும் என்பதும் தங்கள் விதியே. எங்கள் வீட்டில் அப்படி இருப்பது என் மனைவி கமலாசனியின் கதிரை ஒன்றுதான். தாயாரைப் பார்க்க யாழ்ப்பாணம் போனவர், போரில் பாதை பூட்டப்பட்டதால் மூன்று வருடமாக அங்கேயே நிற்கிறார்.

குறை யாதெனில், மாலையில் மலையிலிருந்து இறங்கும் மூடுபனி யன்னலால் நுழைந்து அந்தக் கதிரையைத் தடவிப் போகிறது. ஸ்பொன்ச் ஈரத்தில் சோர்ந்து, துளை வழியே ஈயத்தாள்கள் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன. ஒருவரும் அமராமலே விளக்கு எரிகிறது. அதற்கு முதுகு காட்டி அமர்ந்து அலுவலக நிலப்படம் வரையும் என் முன்னுள்ள சுவரில் மஞ்சள் வெளிச்சம் மெல்லப் படரும், நானும் திரும்பிப் பாராமலே, "இண்டைக்குக் கந்தோரில என்ன நடந்தது தெரியுமே?" என்று தொடங்கிவிடுவேன். கீழே கடை வைத்திருக்கும் வீட்டுக்காரர் ஹபீல் ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "சேர், கதிரையில ஒத்தருமில்ல, லைட்டு பத்துது, நீங்க கதைக்கிறீங்க. ஓதிப் பாக்க லெப்பையக் கூட்டிக்கிட்டு வரவா?" என்றார். அடுத்த வாரம் வீடு சோதிக்க வந்த சிப்பாய்கள் வயரைக் கண்டு இது யாருக்கு என்று வினவ, நான் பொய் பேசாதவனாதலால் "மனைவிக்கு" என்றேன், மனைவி எங்கே என்றார்கள், "யாழ்ப்பாணத்தில்" என்றேன், உடனே குண்டெண்டு நினைச்சு எல்லாரும் முற்றத்துக்கு ஓடிட்டினம், ஹபீல்தான் வந்து சிங்களத்தில விளங்கப்படுத்தி, தானே அந்தக் கதிரையில ஏறியிருந்து லைட்டை எரிச்சுக் காட்டி, தேத்தண்ணியும் குடுத்து அனுப்ப வேண்டியதாப் போச்சு.

ஆகவே ஸ்பொன்சை இரட்டிப்பாக்கினேன். கமலாசனி புறப்படுமுன் மருந்துக்கடைத் தராசு காட்டிய நிறைக்கு ஹபீலிடம் அரிசி மூட்டை வாங்கி, கதிரையில் இருத்திச் சரிபார்த்தேன். அந்நிறைக்குச் சற்றுக் குறைந்தாலும் எரியாது; இனி மூடுபனி என்னை ஏமாற்ற இயலாது. அவர் அமர்ந்தால் மட்டுமே எரியும். இத்திருத்தத்தைத் தவறாது வெளியிடவும்.

தங்கள் இதழ் தாள் தட்டுப்பாடின்றித் தழைக்க வாழ்த்தும்,
செ. அம்பிகைபாகன்

பி.கு.: மேற்படி திருத்தத்தை வெளியிட வேண்டாம். கடிதத்தைத் தபாலில் சேர்க்குமுன், இன்று நல்ல வெயிலில், கமலாசனி கிளாலிக் கடலைப் படகில் கடந்து வந்து சேர்ந்தா. செருப்பும் கழற்றாமல் அதே கதிரையில் அமர்ந்தா. விளக்கு எரியவில்லை. பற்றரியைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன், எல்லாம் சரி.

"என்னப்பா, என்னைப் பாராமல் லைட்டைப் பாக்கிறியள்?"

அப்போதுதான் பார்த்தேன். அவ கையை உயர்த்தியபோது காப்பு முழங்கை வரை வழுக்கிப் போயிற்று. விளக்கு ஏன் எரியவில்லை என்பதை நான் விளக்க முற்பட்டேன். அவ மூலையிலிருந்த மூட்டையைக் கண்டா.

"அந்த அரிசியை அவிட்டு உலையில போடுங்கோ. லைட் பிறகு எரியும்."