ஐந்து டேப் அருள்நாதன்

டேப் போடுகிற மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தவுடன் படித்துவிட முடிகிற எதையும் இவர்களால் பொறுத்துக்கொள்ள முடியாது. இணையப் பக்கம் ஒன்று, மவுஸை உருட்டினால் எல்லாம் தெரிகிற மாதிரி, சாதுவாக, நீளமாக இருந்துவிட்டால் போதும், இவர்களுக்குக் கை அரிக்கும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, மேலே வரிசையாகப் பொத்தான்கள் வைத்து, ஒன்றை அழுத்தினால் ஒரு துண்டு மட்டும் தெரிந்து மற்றதெல்லாம் மறைகிற மாதிரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதிவிட்டுத்தான் மறுவேலை. அந்தப் பொத்தானுக்குத்தான் டேப் என்று பெயர். எதற்கு என்று கேட்டால், "நீட்டா இருக்கும்" என்பார்கள். யாருக்கு?

2003-இல் ராயபுரத்தில் இந்த இனத்துக்குப் பிரதிநிதி அருள்நாதன். திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸும், தலையணை கனத்தில் ஒரு புத்தகமும் முடித்தவர். படகுக்காரர் சங்கத்துக்கு ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தார். மேலே ஆபீஸ் போன் நம்பர், அடுத்து படகுச் செய்தி, அப்புறம் வானிலை, கடைசியில் தலைவர் கருணாகரன் படம். எல்லோரும் படித்தார்கள். யாரும் பாராட்டவில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

இரண்டு நாள் லீவு போட்டு ஐந்து டேப் வைத்தார். சங்க வரலாறு, தலைவர் உரை, விழாக்கள், வானிலை, படகுச் செய்தி. பக்கம் திறந்ததும் மாலையோடு தலைவர் சிரிப்பார். வரலாற்றை அழுத்தினால் தலைவர் மறைவார். தலைவர் உரையை அழுத்தினால் மறுபடி வருவார். தலைவரை இப்படி வரவழைத்து அனுப்பி, வரவழைத்து அனுப்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அருள்நாதன் பூரித்துக் கிடந்தார்.

மனைவி புஷ்பவல்லியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"முன்னெல்லாம் மொத்தமா தெரிஞ்சிது. இப்ப தேடணும். இதுக்கா லீவு போட்ட?" என்று கேட்டுவிட்டு அவள் துணி காயப்போடப் போய்விட்டாள். கலையுணர்வு இல்லாதவள் என்று அருள்நாதன் அவளை மன்னித்தார்.

அந்த நவம்பரில் கடலில் புயல் சின்னம். நாலு படகு திரும்பவில்லை. சங்கத்து போன் எந்நேரமும் எங்கேஜ். ஆந்திரக் கரையில் ஒதுங்கிய படகுகளின் விவரம் வர வர, செயலாளர் வரதன் அதை ஆங்கில எழுத்தில் தட்டிப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு, கல்மண்டபத்தில் பக்ருதீன் பாய் நடத்தும் பிரவுசிங் சென்டருக்குள் சொக்கம்மாள் நனைந்துகொண்டே வந்தாள். புருஷனும் மூத்த மகனும் ஒரே படகில் போயிருந்தார்கள்.

"பாய், கரையேறின போட்டுங்க நம்பரு இதுல வருதாமே. நம்மளுது கீதான்னு பாத்து சொல்லு பாய்."

மழைக்குக் கம்பெனி லீவு. அருள்நாதன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பின்னாளில் அவரே வெட்கத்தோடு ஒப்புக்கொண்டது: அந்தக் கணத்தில் அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். தன் பக்கத்தைத் தேடி ஒரு ஆள் வந்துவிட்டதே!

"வாங்க அக்கா, நான் செஞ்சதுதான் அது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பக்கம் திறந்தது. மாலையோடு கருணாகரன்.

"இவரு கரையிலதான கீறாரு. என் வூட்டுக்காரரு எங்க?"

"அதுக்குத் தனி டேப் இருக்கு அக்கா."

"டேப்பா? பாட்டு கேக்கவா வந்தேன்?"

அருள்நாதன் படகுச் செய்தியை அழுத்தினார். பக்கம் வெள்ளையாகிவிட்டது. தலைவரையே காணோம். திரையின் அடி மூலையில், ஏதோ பிழை என்று காட்டுகிற மஞ்சள் முக்கோணம் மட்டும் முளைத்தது. மறுபடி அழுத்தினார். பலமாக அழுத்தினார். பலமாக அழுத்தினால் தவறு சரியாகும் என்பது இந்த இனத்தின் பழைய நம்பிக்கை.

"பாய், உங்க சிஸ்டம் பழசு."

"நேத்து இதே சிஸ்டத்துலதான நாலு பேரு படிச்சிட்டு போனாங்க?" என்றார் பக்ருதீன்.

அருள்நாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் வந்ததும் ஒரே ஒரு எழுத்தைத் திருத்தியிருந்தார். படகு என்பதை ஆங்கில எழுத்தில் padaku என்று k போட்டு எழுதியிருந்தது அவர் கண்ணுக்கு அசிங்கமாகப் பட்டதால், பொத்தானில் g போட்டார். அந்தப் பொத்தான் திறக்க வேண்டிய துண்டின் பெயரில் k அப்படியே கிடந்தது. பொத்தான் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, இல்லாத பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. திருத்திவிட்டு அழுத்திப் பார்த்தாரா? பார்த்தார். தலைவர் டேப்பை.

சொக்கம்மாள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பதான படம் இருந்துது. நான் கேட்டதும் அழிச்சிட்டியே தம்பி. ஏதோ தெரிஞ்சிகினுதான் மறைக்கிற. இன்னாவா இருந்தாலும் சொல்லிடுப்பா."

"ஐயோ, இல்ல அக்கா, அது வந்து ஸ்கிரிப்ட்ல..." அருள்நாதன் பக்கத்தைத் திருத்துவதற்கான பாஸ்வேர்டை மூன்று முறை தப்பாக அடித்தார்.

"தள்ளு அருளு." பக்ருதீன் மவுஸைப் பிடுங்கினார். ஜாவாஸ்கிரிப்ட் அவருக்குத் தெரியாது. பக்கத்துக்குப் பின்னால் இருப்பதை மொத்தமாகக் கொட்டிக் காட்டுகிற 'வியூ சோர்ஸ்' தெரியும். நோட்பேட் திறந்தது. அடைப்புக்குறிகளின் குப்பைக்கு நடுவே, யாரும் மறைக்காமல், வரதன் தட்டிய வரிகள் கிடந்தன.

"போட்டு நம்பர் சொல்லும்மா."

"எழுநூத்திப் பதினாலு."

பக்ருதீன் விரலைத் திரையில் வைத்துக் கீழே கீழே இறங்கினார்.

"எழுநூத்திப் பதினாலு... கிருஷ்ணப்பட்டணம். ஆறு பேரு. சேஃப்னு கீதும்மா."

"இன்னொரு தபா படி."

படித்தார்.

"ஆறு பேருதான் போனாங்க" என்றபடி அவள் ஈரப் புடவையோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"நல்ல சேதிய எதுக்கு தம்பி பூட்டி வெச்ச?"

நீட்டாக இருக்கும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அருள்நாதன் அரை மணி நேரத்தில் ஐந்து டேப்பையும் பிய்த்தெறிந்தார். படகுச் செய்தி உச்சிக்கு வந்தது, தலைவர் அடிக்குப் போனார். சாயங்காலம் தலைவரே போன் செய்தார்: "இன்னாப்பா, என் படத்த காணோம்?" "கீழ உருட்டினா வரும் தலைவரே."

திருந்தினாரா? பொங்கல் வரைக்கும் திருந்தியிருந்தார். அப்புறம் எங்கேயோ வழுக்கிக்கொண்டு இறங்குகிற மெனு ஒன்றைப் பார்த்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள் என்ற ஒற்றை வரிக்கு உங்களை எவ்வளவு நேரம் காக்க வைத்தேன்! நானும் அந்த இனம்தான். நீங்கள் இல்லையா? சந்தோஷம். எதற்கும் உங்கள் வீட்டில் கடைசியாக அடித்த கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அவர் மாப்பிள்ளை எல்லோரையும் தாண்டி, மண்டபம் எந்தத் தெருவில் என்பது எத்தனையாவது மடிப்பில் இருக்கிறது?