உங்கள் புகார் பத்திரமாக இருக்கிறது

உலகத்தில் எத்தனையோ நகராட்சிகள் மக்களின் குறைகளைக் கேட்டிருக்கின்றன. சில, தெரியாத்தனமாகத் தீர்த்தும் வைத்திருக்கின்றன. ஆனால் குறையை, அதைச் சொன்னவர் கையிலேயே ஒரு சிராய்ப்பும் இல்லாமல் பத்திரமாகத் திருப்பி வைத்த பெருமை, இந்தக் கதையில் வரும் குறைதீர்ப்புத் துறைக்கே உரியது. அந்த மகத்தான சாதனைக்கு நிரல் எழுதியவன் ஓர் ஒப்பந்த ஊழியன். வீட்டில் மட்டுமல்ல, துறையிலும் அவன் எல்லாருக்கும் 'தம்பி'தான்.

முன்பெல்லாம் புகார்கள் மனுவாக வரும். வந்தால் அடுக்க வேண்டும், அடுக்கினால் தூசி தட்ட வேண்டும், தூசி தட்டும்போது யாராவது படித்துவிடும் ஆபத்தும் உண்டு. எனவே எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றுவது என்று கூட்டம் கூடி முடிவெடுத்தார்கள். இயக்குநர் நவீன மனிதர். மேசையில் காகிதம் இருந்தால் அவருக்குத் தும்மல் வரும். அதில் வேலையும் இருந்தால் தலைவலி சேர்ந்துகொள்ளும்.

"சார், புகாரையெல்லாம் சேர்த்து வைக்க நமக்கு ஒரு சர்வர் வேணும்," என்றான் தம்பி.

"சேர்த்து வச்சா, அது நம்மகிட்ட வந்துடுமே தம்பி."

"வரணும்ல சார்?"

இயக்குநர் அவனைக் கருணையோடு பார்த்தார். "வந்தா நிலுவை. நிலுவைன்னா ஏன்னு மேலேருந்து கேப்பாங்க. ஜனங்க கையில போன் இருக்கு, போனுக்குள்ள பிரவுசர் இருக்கு. அதுக்குள்ளயே சேமிச்சு வைக்க முடியாதா?"

"முடியும் சார். பக்கத்தை மூடினாலும், போனை அணைச்சாலும் அப்படியே இருக்கும். ஆனா அந்தப் போனுக்குள்ள மட்டும்தான் இருக்கும். நாம யாரும் பார்க்க முடியாது. போன்ல இடம் பத்தலைன்னா பிரவுசரே தூக்கிப் போட்டாலும் போட்டுடும்."

"யாருமே பார்க்க முடியாதா? அடடா, எப்பேர்ப்பட்ட தனியுரிமை," என்று இயக்குநர் நெகிழ்ந்து போனார். "'மக்களின் தரவு மக்களிடமே.' இதையே கொள்கையா எழுதிக்குங்க. இதுக்கு விருது வராம எங்க போகும்? வந்ததும் உங்களை நிரந்தரம் பண்ணிடலாம்."

கூட்டம் கைதட்டியது. வருடா வருடம் ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் தம்பிக்குச் சோறு இறங்காது. அவனும் கைதட்டினான்.

வேலையில் மட்டும் அவன் குறை வைக்கவில்லை. தொழில் தெரிந்த பிள்ளை. பாதி எழுதும்போது இணைப்பு அறுந்தாலும் ஓர் எழுத்துகூட வீணாகாது. உலாவி தானாகத் துடைத்துவிடாமல் இருக்க, "இத்தளம் உங்கள் கருவியில் நிரந்தரமாகத் தரவு வைத்துக்கொள்ளலாமா?" என்று பணிவாக அனுமதியும் கேட்கும். 'ஆம்' என்று அழுத்தினால் சாதாரணப் புகார், 'நிரந்தரப் புகார்' என்று பதவி உயர்வு பெறும். பச்சை நிறத்தில் ஒரு டிக் விழும். அதன் கீழே, "உங்கள் புகார் பத்திரமாக இருக்கிறது" என்று வரும். சொல்லி வைத்தாற்போல் நகரத்தின் நிலுவை பூஜ்யமாயிற்று. புகார்ப் பிரிவு எழுத்தர்கள் வேலையில்லாமல் இளைத்துவிடுவார்களோ என்று சிலர் கவலைப்பட்டார்கள். நல்லவேளை, பெருத்தார்கள்.

இந்தப் பொற்காலத்தில்தான், தம்பியின் அக்கா வீட்டு வாசலில் இருந்த சாக்கடைக் குழியின் மூடி காணாமல் போனது.

அக்கா தையல்காரி. வாசல் பக்கத்து ஜன்னலோரம் மெஷினைப் போட்டிருப்பவள். குழியைப் பார்த்துக்கொண்டே தைத்ததில் வரிசையாக நாலு சட்டைக்குக் கழுத்து கோணிவிட்டது. அவள் கணவர், தம்பிக்கு மாமா, பள்ளிப் பேருந்து ஓட்டுநர். விடிவதற்கு முன்பே அந்த வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். "நான் பார்த்துப் போயிக்கறேன், விடு," என்பார். அவள் விடவில்லை. புகார் போட்டாள், 'ஆம்' அழுத்தினாள், என் தம்பி அங்கேதான் இருக்கிறான் என்று தெரு முழுக்கச் சொன்னாள். மூடி மட்டும் வரவில்லை.

"டேய், தினம் திறந்து பார்க்கறேன். பத்திரமா இருக்கு, பத்திரமா இருக்குன்னே சொல்லுது. யாருகிட்டடா பத்திரமா இருக்கு?" என்று தம்பியைக் கேட்டாள்.

விருதுக் குழு பார்வையிட வருகிற வாரம் அது. "எங்கேயும் போகலைக்கா, அப்படியே இருக்கு."

"அதைத்தான் கேக்கறேன். ஏன் எங்கேயும் போகலை?"

"சிஸ்டம் அப்படிக்கா."

"நீ ஆபீஸ்லதானே உக்காந்திருக்கே? வாயால ஒரு வார்த்தை சொல்லேன்."

"வாயால சொல்ற புகாரை இப்ப எடுக்கறதில்லைக்கா. நிலுவை ஏறிடும்."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நாக்கும் ஒப்பந்த ஊழியருடைய நாக்கு அல்லவா, மடங்கி உள்ளே போய்விட்டது.

அக்கா பார்த்தாள். கால் உடைந்த நாற்காலி ஒன்றைக் குழிக்குள் தலைகீழாகச் செருகி, தைத்து மிஞ்சிய சிவப்புத் துணியை அதில் கட்டினாள். மாமா அதைச் சுற்றிக்கொண்டு போனார். தெருவே சுற்றிக்கொண்டு போய்ப் பழகிவிட்டது.

துறை சும்மா இருக்குமா? பொதுவழியில் நாற்காலியைக் கண்டால் அதற்கு ரத்தம் கொதிக்கும். ஒரு மழைநாள் சாயங்காலம் ஆக்கிரமிப்பு அகற்றும் வண்டி வந்து நின்றது. அக்கா ஊசியும் நூலுமாக ஓடி வந்தாள்.

"ஐயா, எடுக்காதீங்க. அடியில குழி இருக்கு."

மேற்பார்வையாளர் தன் கருவியில் தெருவைத் தேடினார். "இந்தத் தெருவுல குழின்னு ஒரு புகாரும் இல்லையேம்மா."

"கண்ணு முன்னாடி இருக்குதே சார்."

"கண்ணு முன்னாடி இருக்கறது வேற, பதிவுல இருக்கறது வேற. புகாரே இல்லாத இடத்துல எச்சரிக்கை வச்சா ஜனங்களுக்கு வீண் பீதி."

நாற்காலி வண்டியேறியது. துறை மந்தம் என்று பேசுகிறவர்கள் அந்த வேகத்தைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இரவெல்லாம் மழை கொட்டியதில் தெருவும் குழியும் ஒரே மட்டமாகத் தண்ணீர் நின்றது. விடிவதற்கு முன் மாமா பார்த்துத்தான் போனார். அந்த இருட்டில் குழி எங்கே தொடங்குகிறது என்பதுதான் தெரியவில்லை. வலது கால் முறிந்தது. பேருந்துக்கு பிரேக் போடுகிற கால்.

பேருந்து நிறுவனம் கண்ணியமாக ஒரே ஒரு கேள்வி கேட்டது: வழி பார்த்து நடக்கத் தெரியாதவரை நம்பிப் பிள்ளைகளை எப்படி அனுப்புவது? குழியைப் பற்றி முன்பே புகார் இருந்தது என்று துறை எழுதிக் கொடுத்தால், கால் தேறியதும் வேலைக்கு வரலாம். இல்லையென்றால் கவனக்குறைவுதான், வேலையும் இல்லை.

அக்கா நேராகத் துறைக்கு வந்தாள். "புகார் போட்டிருக்கேன் சார். பச்சை டிக்கோட இருக்கு, நீங்களே பாருங்க," என்று இயக்குநரின் மேசைமேல் போனை வைத்துத் திறந்தாள். மேசையில் அந்த ஆண்டின் விருதுக் கேடயம் பளபளத்தது.

எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, ஸ்கேன் என்று ஆஸ்பத்திரியில் எடுத்த படங்களில் அவள் போன் நிரம்பி, "இடமில்லை, துடைக்கட்டுமா?" என்று முதல் நாள் கேட்டிருந்தது. அவளும் சரி என்றிருந்தாள். நிரந்தரப் புகாரை உலாவி தானாகத் துடைக்காது. உரியவரே துடைத்தால் அது என்ன செய்யும், பாவம். பக்கம் திறந்தது. டிக் இல்லை. வண்ணப் பலூன்கள் மேலே பறக்க, "வணக்கம். உங்களுக்குக் குறை எதுவும் இல்லை. மகிழ்ச்சி!" என்று வந்தது.

"பாருங்கம்மா, உங்க போனே சொல்லுது," என்றார் இயக்குநர்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி பலூன்களைப் பார்த்தான். நன்றாகத்தான் வரைந்திருந்தான்.

அவள் போனதும் இயக்குநர் ஒரு கடிதத்தை நகர்த்தினார். "தொழில்நுட்பப் பொறுப்பாளர்னு நீங்கதான் கையெழுத்துப் போடணும் தம்பி. 'மேற்படி குழி தொடர்பாகத் துறைக்குப் புகார் எதுவும் வரவில்லை.'"

"சார், அவங்க என் சொந்த அக்கா."

"அதனால என்ன? பொய்யா எழுதச் சொல்றேன்? வந்துச்சா?"

"வரலை சார்."

"அப்புறம் என்ன. உண்மையை எழுத எதுக்கு யோசனை? உங்க நிரந்தர ஆணையும் இதுக்கு அடியிலதான் இருக்கு. ரெண்டையும் ஒரே மூச்சுல முடிச்சுடுவோம்."

தம்பி நேர்மையானவன். பொய்க் கடிதத்தில் செத்தாலும் கையெழுத்துப் போடமாட்டான். இது உண்மைக் கடிதம் என்பதால் போட்டான்.

மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். மாமா கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். அக்காவின் மடியில் துறையின் கடிதம் இருந்தது. அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்து, சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான்.

"நான் பொய் ஒண்ணும் எழுதலைக்கா. நிஜமாவே எங்களுக்குப் புகார் எதுவும் வரலை."

அக்கா கடிதத்தை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தாள்.

"வரலைதான்டா. வர்றதுக்கு நீ வழி வச்சிருந்தியா?"