பாதிப் பாடமும் முழு விருந்தாளியும்

கணபதி, கோயமுத்தூர்.
26-11-1996

‘கொங்குச் சாரல்’ வார இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, எட்டு வருஷமாகத் தங்கள் இதழைக் காசு கொடுத்தே வாங்கி, ஒரு வாரம்கூட இரவல் கேட்காமல் படித்துவரும் ஓய்வுபெற்ற மில் மேஸ்திரி பாலுசாமி பணிவோடு எழுதுவது. இங்கு நான், என் மனைவி ராசாத்தாள், மகள் லோகப்பிரியா, மிரோஸ்லாவ் ஆகிய நால்வரும் நலம். தாங்களும் அச்சுக் கோக்கும் அன்பர்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க மருதமலை முருகன் துணை. அந்த நான்காவது ஆள் யார் என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பேராசிரியர் பாலகோபால் தங்கள் இதழில் எழுதும் ‘வாய் திறந்தால் இங்கிலீஷ்’ தொடரை முதல் வாரத்திலிருந்து நோட்டுப் போட்டு எழுதிப் படித்துவருகிறேன். முப்பத்தோரு வருஷம் மில் இரைச்சலில் கை ஜாடையிலேயே பேசியவன், இனியாவது வாயால் பேசலாம் என்று ஒரு ஆசை. இந்த மாதம் மூன்றாம் தேதி இதழில் பேராசிரியர் ஒரு அருமையான விஷயம் சொன்னார். நம் பேச்சில் ‘நேற்று எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டார்’ என்று எல்லாரையும் முன்னே விட்டுவிட்டு வினைச்சொல் கடைசியாக வரும், கல்யாண வீட்டுக்காரர் கடைசிப் பந்தியில் உட்காருவதைப் போல. இங்கிலீஷில் வினை முதல் பந்தியிலேயே உட்கார்ந்துகொள்ளும். எப்படி, எங்கே, எப்போது என்பவையெல்லாம் அதன் பின்னால் வரிசையில் வந்து நிற்கும். அது போதாதென்று ‘இன்’, ‘ஆன்’, ‘அப்’ என்று குட்டிச் சொற்கள் வேறு வினையின் இடுப்பில் ஏறிக்கொள்ளும். அந்த வாரம் ‘எப்படி’யையும் ‘எங்கே’யையும், ஆளை உள்ளே அழைக்கிற குட்டிச் சொற்களையும் பிரமாதமாக நடத்திவிட்டு, ‘எதுவரை என்பதையும், வெளியே அனுப்பும் சொற்களையும் அடுத்த இதழில் காண்போம்’ என்று முடித்திருந்தார். அடுத்த இதழ் தீபாவளிச் சிறப்பிதழ். பாடம் இருக்கவேண்டிய பக்கத்தில் தினை அதிரசம் செய்முறை இருந்தது. அதற்கடுத்த வாரமும் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. பாதிக் கிணறு தாண்டியவன் கதி எனக்கு.

ஐயா, பாதிப் பாடம் வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் நல்ல மழை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆறடி உயரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன், முப்பது வயதுக்குள் இருக்கும், பெட்டியோடு நனைந்துகொண்டு நின்றான். விசாரித்ததில், பெயர் மிரோஸ்லாவ் என்றும், செக் தேசத்திலிருந்து ஒரு மில்லுக்குத் தறி பூட்ட வந்தவன் என்றும், தறி கொச்சித் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றும், மில்லின் தங்கும் அறைக்குத் தீபாவளி வெள்ளையடிப்பு நடக்கிறது என்றும் பேக்கரிக்காரர் சொன்னார். ஊருக்கு வந்தவரை மழையில் விடுவதா? வீட்டுக்குக் கூட்டிவந்து, வாசலில் நின்று, நோட்டில் எழுதியிருந்தபடியே ‘கம் இன்’ என்றேன். வந்தார். ‘ஸ்டே ஹேப்பிலி இன் மை ஹவுஸ்’ என்றேன். எப்படி என்பது அதில் இருக்கிறது, எங்கே என்பதும் இருக்கிறது. எதுவரை என்பது தங்கள் அதிரசத்தில் போய்விட்டது. இன்றைக்கு இருபத்தோராவது நாள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தங்கமான பிள்ளை. தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தோம், அதிலிருந்து வேட்டிதான் கட்டுகிறார். ராசாத்தாள் அவரை ‘மிராசு’ என்று கூப்பிடுகிறாள். பத்து வருஷமாக மூலையில் கிடந்த கிரைண்டரைக் கழற்றி மாட்டி ஓடவைத்துவிட்டார். அதில் ஆட்டிய மாவில் சுட்ட இட்லியைப் பத்துக்குக் குறையாமல் சாப்பிடுகிறார். எழுந்திருக்கும்போதெல்லாம் ராசாத்தாள், “இன்னும் ரெண்டு வெச்சுக்குங்க” என்று கையைப் பிடித்து உட்காரவைக்கிறாள். இப்படி இருந்தால் எவர்தான் கிளம்புவார்?

தலைபோகிற விஷயம் என்னவென்றால், வருகிற வெள்ளிக்கிழமை லோகப்பிரியாவைப் பெண் பார்க்க கோபிசெட்டிபாளையத்திலிருந்து வருகிறார்கள். பையனின் அப்பா செங்கோட்டையன் பெரிய வாழைத்தோட்டக்காரர், கறாரான மனிதர் என்று கேள்வி. மூன்று வருஷமாகத் தட்டிக்கொண்டே போய், இப்போதுதான் நல்ல இடம் கூடி வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் உட்காரவைக்க இருப்பதே ஒரு முன்னறை. அதில் வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் பாய் விரித்துப் படுத்திருந்தால், வயசுப் பெண் இருக்கிற வீட்டில் யாரய்யா இவன் என்று கேட்கமாட்டாரா? அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்பதில் வீட்டில் தினமும் பேச்சு.

“ஏனுங்க, நீங்கதானுங்க கூட்டியாந்தீங்க. நீங்களே சொல்லிப்போடுங்க” என்கிறாள் ராசாத்தாள்.

“பாடம் வரட்டும், சொல்றேன்” என்கிறேன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு யோசனை சொன்னாள். வடை பாயசத்தோடு வழியனுப்பு விருந்து போட்டால் தானாகப் புரிந்துகொள்வார் என்று. போட்டோம். அவர் அதை வாராவாரம் வருகிற பண்டிகை என்று நினைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தாமே தேங்காய் வாங்கி வைத்திருக்கிறார். துணிகளைத் துவைத்துத் தேய்த்துப் பெட்டிக்குள் அடுக்கி வைத்தோம். கண் கலங்க நன்றி சொல்லிவிட்டு, மேலே இருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டார். நேற்று காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கே கூட்டிப்போய் ஒரு பஸ்ஸைக் காட்டி ‘கெட் இன்’ என்றேன். அவர் மரியாதையாக, நீங்கள் முதலில் என்று கையைக் காட்டினார். பெரியவன் என்று மதித்துச் சொல்லும்போது மறுக்க முடியுமா? ஏறினேன். பின்னாலேயே அவரும் ஏறினார். இறங்கச் சொல்லும் சொல்லும் தங்கள் அடுத்த இதழில்தான் இருக்கிறது. சத்தியமங்கலம் போய், பண்ணாரி அம்மனைக் கும்பிட்டு, இருவரும் பொழுது சாய வீடு திரும்பினோம். அவருக்கு அந்தப் பயணம் மிகவும் பிடித்துப்போயிற்று.

மகள் பி.காம். படித்தவள் ஆயிற்றே, அவளை விட்டுச் சொல்லச் சொல்வதுதானே என்று தாங்கள் கேட்கலாம். கேட்டேன்.

“சொல்லு தெரியுமுங்கப்பா. வாய்தான் வர மாட்டேங்குது. அந்த மொகத்தப் பாத்து எப்படீங்கப்பா சொல்றது?” என்றாள்.

இதெல்லாம் சாக்கு. பாடம் முழுதாக வந்திருந்தால் இந்தச் சங்கடமே இல்லை. ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து அந்தப் பாக்கிப் பாடத்தை, அச்சாகும்வரை காத்திராமல், கையால் எழுதியாவது வியாழக்கிழமைக்குள் என் கைக்குக் கிடைக்கும்படி அனுப்பவும். ஒரு பெண்ணைப் பெற்றவனுக்குச் செய்யும் புண்ணியமாக இருக்கும். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க மிரோஸ்லாவே அன்போடு எடுத்துப் போகிறார். பேராசிரியருக்கு என் வணக்கம். அதிரசக் குறிப்பு எழுதியவருக்கும், வருத்தம் இருந்தாலும், வணக்கம். தங்கள் இதழ் ஆல்போல் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
பாலுசாமி

பின்குறிப்பு (டிசம்பர் 4): மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடவும். இந்தக் கடிதம் போகவே இல்லை. மிரோஸ்லாவ் விட்டுப்போன சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் இருந்ததை ராசாத்தாள் இன்று காலை கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததிலிருந்து சட்டையைத் துவைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை செங்கோட்டையன் குடும்பம் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டது. நான் பனியனோடு ஓடி வருவதற்குள், மிரோஸ்லாவ் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, கைகூப்பி, “வாங்க வாங்க, உக்காருங்க, தண்ணி குடீங்க, இருந்து சாப்புட்டுத்தானுங்க” என்று எங்கள் வீட்டில் கற்ற தமிழ் முழுவதையும் சொல்லிவிட்டார். இருபத்து நாலு நாளில் அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான். அவர் பாடத்திலும் பாக்கிப் பாதி வரவில்லை. யார் என்று செங்கோட்டையன் கேட்டார். மழைக்கு ஒதுங்கினவருங்க, வாரப் பத்திரிகைப் பாடம் பாதியில நின்னுபோச்சு, போகச் சொல்ல வாய் வரலைங்க என்று உண்மையைச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றேன். அவர் மிரோஸ்லாவ் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தார். பிறகு, “ஒதுங்க வந்தவனையே இப்படி வெச்சிருக்கறீங்க, எம் பையன மாப்பிள்ளையா எப்படி வெச்சுக்குவீங்க! பொண்ணு எங்களுக்குத்தானுங்க” என்று சொல்லிவிட்டார். தை மாதம் கல்யாணம்.

புறப்படும்போது செங்கோட்டையன் பேச்சுக்கு, “தம்பி, ஒருக்கா நம்ம தோட்டத்துக்கும் வாங்க” என்றார். மிரோஸ்லாவ் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்துவிட்டார். காரில் ஏறியபின் தலையை நீட்டி, “வாரேனுங்க” என்றார். ராசாத்தாள் அப்போது அழ ஆரம்பித்தவள், இன்னும் நிறுத்தவில்லை. எனக்கும் முன்னறைப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. சனியன், கிரைண்டர் வேறு நன்றாக ஓடுகிறது. மாவுதான் தினமும் மீந்துபோகிறது.

நேற்று எதிர்க்கடை எஸ்.டி.டி. பூத் கலீல் ரஹ்மான் பாய், கோபியிலிருந்து போன் என்று கூப்பிட்டார். செங்கோட்டையன்தான்.

“ஏனுங்க சம்பந்தி, தம்பி தங்கமான புள்ளைங்க. ஆனா எப்பக் கெளம்புவாருன்னு எப்படீங்க கேக்கறது? ஏதோ வாரப் பத்திரிகையில பாடம் வருதாமே, அது எங்கூருல கெடைக்குங்களா?” என்றார்.

ஐயா, நான் நாளைக் காலை முதல் பஸ்ஸில் கோபி போய் மிரோஸ்லாவைக் கூட்டிவரப் போகிறேன். அதற்குள் அந்தப் பாக்கிப் பாடத்தை மட்டும் வெளியிட்டுவிடாதீர்கள். அச்சாகிவிட்டது என்றால், கோபிசெட்டிபாளையம் ஏஜெண்டுக்குப் போகிற இதழ்க் கட்டுகளிலாவது அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அங்கே அதிரசத்தைப் போடவும்.