ஊசல் சொன்ன கல்லூரி

‘கல்லூரியைப் பார்க்க என்னோடு வர அப்பாவுக்கு அரை நாள் லீவு கிடைக்கவில்லை. நூலில் தொங்கும் ஒரு கல்லைப் பார்க்க முழு நாள் லீவு கிடைத்திருக்கிறது.’

இதை அவள் வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அப்பாவின் காதில் விழுந்திருக்காது. இஸ்திரி போட்ட சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, தங்களுக்கு முன்னால் எத்தனை தலை என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை மாடிப்படிகளை நிறைத்து, கீழே செல்போன் கடை வாசலைச் சுற்றி, தெருமுனை வரை போயிருந்தது. பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த வாரம் அது. மதிப்பெண் கூடியவர்கள், குறைந்தவர்கள், என்ன படிப்பதென்று தெரியாதவர்கள், தெரிந்தும் வீட்டில் சொல்லப் பயந்தவர்கள் எல்லோரும் அந்தப் படிகளில் நின்றார்கள். அத்தனை பேரையும் ஒரே மனிதர் கரையேற்றப்போகிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஊசல் ஐயா என்று சொன்னால் ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

வரிசையில் அவரைப் பற்றிப் பேசாத வாயில்லை. மூன்று கல்லூரிகளை மூன்று உறைகளில் மூடி வைத்தால் போதுமாம். எந்தக் கல்லூரி பிள்ளையைக் கூப்பிடுகிறதோ அந்த உறையின் மேல் ஊசல் தானாகச் சுற்றுமாம். கூப்பிடாத கல்லூரியில் போய்ச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு முதல் வருடமே முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டதாம். விடுதித் தண்ணீரில் தலைகுளிக்கும் எல்லாப் பெண்களுக்கும் முதல் வருடம் முடி கொட்டும் என்பது அங்கே நின்ற யாருக்கும் தோன்றவில்லை.

மாடியில் கண்ணாடிக் கதவு. ‘உயிர்க்காந்த உயர்கல்வி வழிகாட்டு மையம்’ என்று அதில் எழுதியிருந்தது. உயிருக்கும் காந்தத்துக்கும் கல்விக்கும் என்ன சம்பந்தம் என்று கதவு சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

அப்பாவுக்கு மருந்துக்கடையில் வேலை. தேதி பார்க்காமல் ஒரு மாத்திரை அட்டையைக் கைமாற்ற மாட்டார். வந்தவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். மாத்திரை விஷயத்தில் யாரையும் நம்பாத மனிதர். மகள் விஷயத்தில் யாரை வேண்டுமானாலும் நம்பத் தயாராக இருந்தார்.

அவள் புள்ளியியல் படிக்க ஆசைப்பட்டாள். ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய கல்லூரியில் அவளுக்கு இடமும் கிடைத்திருந்தது. மறுநாள் மாலைக்குள் அப்பா கையெழுத்துப் போட்டு உறுதி செய்ய வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அந்தக் கல்லூரிக்கு அவள் தனியாகவே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அதுவும் விழா நாளில் இல்லை, வகுப்பு நடக்கிற சாதாரண நாளில். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. ஆனால் நூலகப் புத்தகங்களின் ஓரம் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. வாசல் டீக்கடையில் நின்ற இரண்டாம் வருடப் பெண்களிடம் அவள் பேச்சுக் கொடுத்தாள். முதல் மாதம் அழுகை வரும், எல்லோரும் அழுவார்கள், அதை மறைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே கிடக்காதே என்றார்கள். புரியாத பாடத்தை முதல் தேர்வுக்கு முன்னால் போய்க் கேள், பின்னால் போனால் திட்டுதான் மிஞ்சும் என்றார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பைபாஸ் சாலையில் கண்ணாடி மாளிகை மாதிரி நிற்கும் புதுக் கல்லூரிக்கும் போயிருந்தாள். நீரூற்று இருந்தது. ஆய்வகம் பூட்டியிருந்தது. சாவி முதல்வரிடம் இருந்தது. முதல்வர் கூட்டத்தில் இருந்தார்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரிம்மா. ஊசல் எதுல சுத்துதோ அதுல கையெழுத்துப் போடறேன். உன் காலேஜ்லயே சுத்தினாலும் எனக்குச் சம்மதம்தான். நான் ஒண்ணும் பிடிவாதக்காரன் இல்ல” என்றார். நியாயமான மனிதர். மகளுக்கும் கல்லுக்கும் சம வாய்ப்புக் கொடுத்தார்.

வரவேற்பறையில் ஓர் அம்மாள் எல்லோருக்கும் டீ கொடுத்து, எல்லோரையும் வாய் நிறைய அண்ணா, அக்கா என்று கூப்பிட்டாள். என்ன மனக்கஷ்டம் அண்ணா, முகம் வாடியிருக்கே என்று அப்பாவைக் கேட்டாள். அவ்வளவுதான். அம்மாவுக்குப் போன வருடம் நடந்த வயிற்று ஆபரேஷன், இன்னும் கனமாக எதையும் தூக்க முடியாதது, மகள் தூரத்தில் போய்த் தங்கிவிட்டால் வீட்டை யார் பார்ப்பது என்ற பயம், எல்லாவற்றையும் அவர் டீ ஆறுவதற்குள் கொட்டிவிட்டார். அம்மாள் உச்சுக்கொட்டினாள். டீத் தம்ளரை உள்ளே கொண்டுபோனாள். கேட்டதையும் கொண்டுபோனாள்.

திரும்பி வரும்போது மூன்று உறைகளோடு வந்தாள். இரண்டு வெறும் உறைகள். ஒன்றின் ஓரத்தில் தங்க நிறத்தில் மெல்லிய கோடு. வீட்டார் கொண்டுவந்த இரண்டு கல்லூரிகளின் விவரப் புத்தகத்தை வெறும் உறைகளில் போட வேண்டும். மூன்றாவதை மையமே தரும், சக்திச் சமநிலைக்காக. அதைத் தங்கக் கோடு போட்ட உறையில் போட வேண்டும். மாணவர் தன் கையாலேயே, திரைக்குப் பின்னால், யாரும் பார்க்காமல் போட்டு ஒட்ட வேண்டும். “பாருங்கண்ணா, எவ்வளவு நேர்மைன்னு. எங்க கை படறதே இல்ல” என்றாள்.

சமநிலைக்காக அவள் கொடுத்த புத்தகத்தின் அட்டையில் நீரூற்று இருந்தது.

மகள் சுவரைப் பார்த்தாள். ஊசலால் வாழ்வு பெற்ற பிள்ளைகளின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லோரும் ஒரே நிறச் சீருடையில் சிரித்தார்கள். பின்னால் அதே நீரூற்று. இத்தனை குடும்பங்கள் இந்த நாற்காலிகளில் உட்கார்ந்து இந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு டீ குடித்திருக்கின்றன. ஒருவருக்கும் உறுத்தவில்லையா? அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கூச்சமாக இருந்தது, தெரிந்தவர் யாரோ நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டது போல.

திரைக்குப் பின்னால் போனாள். தோழிகளுக்கும் கொடு என்று பழைய கல்லூரி அலுவலகத்தில் கொடுத்த புத்தகங்கள் அவள் பையில் இருந்தன. வெறும் உறை இரண்டிலும் அதையே போட்டாள். தங்கக் கோடு உறையிலும் அதையே போட்டாள். நீரூற்றைப் பைக்குள் தள்ளினாள். ஒட்டினாள். ஓரம் கோணிப்போனது. பொய் சொல்லப் பழகாத கை.

ஊசல் ஐயா வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். நீங்கள் டாக்டரா என்று யாராவது கேட்டால் புன்னகை செய்வார். ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். மீதியை அந்த வெள்ளைக் கோட்டே பார்த்துக்கொள்ளும். மேசைக்கு எதிரே நாற்காலிகளில் காத்திருந்த குடும்பங்கள் சினிமா பார்ப்பது போல் பார்த்தன. அவர் கண்ணை மூடினார். நூலைப் பிடித்தார். கல் தொங்கியது.

முதல் உறையின் மேல் கல் இடமும் வலமுமாக ஆடியது. “ம்ஹூம். இந்தக் காலேஜ் பிள்ளையை வெறுக்குது. நடுவுல படிப்பு நிக்கும்” என்றார். அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது உறை. கல் இன்னும் வேகமாக ஆடியது. இங்கே சேர்ந்தால் பெற்ற தாய்க்கு ஆகாது என்றும், ஏற்கெனவே வயிற்றில் கத்தி பட்ட உடம்பு என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். அப்பாவின் கண் கலங்கிவிட்டது. எப்படித் தெரிந்தது என்பது போல் மகளைப் பார்த்தார். டீ குடித்த வாயின் ஈரம் இன்னும் காயவில்லை.

தங்கக் கோடு உறை. கல் சுற்றத் தொடங்கியது. அழகாக, வட்டமாக, நாற்காலிகள் எல்லாம் பெருமூச்சு விடும்படி சுற்றியது. “இதுதான். தங்கமான இடம். பிள்ளையோட பெயர் அந்தக் காலேஜ் சுவர்லயே எழுதியிருக்கு.” வழக்கப்படி ஒதுக்கிய உறைகளைப் பிரிக்காமலே கிழித்துப் போட வேண்டும், ஜெயித்த உறையை மட்டும் பிரிக்க வேண்டும். அவர் தங்கக் கோடு போட்ட உறையைக் கிழித்தார்.

உள்ளே நீரூற்று இல்லை. காரை பெயர்ந்த சுவருள்ள பழைய கல்லூரி இருந்தது.

ஐயாவின் கை ஒரு கணம் நின்றது. வரவேற்பறை அம்மாளைப் பார்த்தார். அம்மாள் கூரையைப் பார்த்தாள். தொழில் தெரிந்தவர், சட்டென்று முகத்தைச் சரிசெய்துகொண்டு புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். கைதட்டல் எழுந்தது.

அப்பா எழுந்து மகளின் தலையில் கை வைத்தார். நீ சொன்னதேதான் வந்திருக்கு, கையெழுத்துப் போட இப்போதே போகலாம் என்றார். 

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. எழுந்து போக வேண்டியதுதான். எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? ஆனால் இனி வரப்போவதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. இடம் வாங்கித்தந்தது ஊசல்தான் என்று அப்பா ஊரெல்லாம் சொல்வார். நாளை விடுதியில் எந்தப் பக்கம் தலைவைப்பது, முதல் நாள் எந்தக் காலை உள்ளே வைப்பது, எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று கேட்க இதே படியில் நிற்பார். படிப்பு முடிந்ததும் மாப்பிள்ளையை உறையில் போட்டு எடுத்து வருவார். அவள் பஸ் ஏறிப் போனது, கேட்டது, யோசித்தது எதுவுமே நடக்காதது மாதிரி ஆகிவிடும். பக்கத்து நாற்காலியில், அவர்கள் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அக்கா தன் மகளின் மூன்று உறைகளை மடியில் வைத்து அணைத்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றில் தங்கக் கோடு மின்னியது.

ஐயாவின் கை மற்ற இரண்டு உறைகளைக் கிழிக்கப் போனது. அவள் அவற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“அப்பா, இதையும் பிரிச்சுப் பாருங்க.”

அதெல்லாம் கூடாது, தோஷம் என்றார் ஐயா. பிரித்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். தாய்க்கு ஆகாது என்றார். அந்த வார்த்தையில் அப்பா திரும்ப உட்கார்ந்துவிட்டார். அவளே பிரித்தாள். ஒன்றில் பழைய கல்லூரி. இன்னொன்றிலும் பழைய கல்லூரி. மூன்றையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். 

“மூணும் ஒரே காலேஜ்தான்பா. ஒண்ணுல படிப்பு நிக்குமாம், ஒண்ணுல அம்மாவுக்கு ஆகாதாம், ஒண்ணு தங்கமாம். கோடு எங்க இருக்கோ தங்கம் அங்க.” பையிலிருந்து நீரூற்றை எடுத்து அதன்மேல் வைத்தாள். “இதைத்தான் அந்த உறையில போடச் சொன்னாங்க.”

ஒரே கல்லூரிக்குள் மூன்று வகைச் சக்தி ஓடும் என்று ஐயா விளக்கத் தொடங்கினார். பின்வரிசையில் ஒருவர் அதற்கும் தலையாட்டினார். அப்படிப்பட்ட தலைகள் இல்லாவிட்டால் இப்படிப்பட்ட வெள்ளைக் கோட்டுகள் தைக்கப்படுவதே இல்லை.

அப்பா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மூன்று புத்தகங்களையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அட்டை, பக்கம், முகவரி. பிறகு மெதுவாகக் கேட்டார்:

“ஒரே கம்பெனி, ஒரே மாத்திரை. ஒரு அட்டை குணமாக்கும், இன்னொண்ணு ஆளைக் கொல்லும்னு கடையில நான் சொன்னா என்னை உள்ள தள்ளிடுவாங்க. உங்களை என்ன ஐயா செய்யறது?”

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். எங்களுக்கும் கோடு போட்டதில்தான் சுற்றியது என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். என் மூத்தவளுக்கும் அதேதான், போன வருடம் பைபாஸ் கல்லூரியில் சேர்த்தோம், பாதி நாள் பாடம் நடத்த ஆளில்லை என்றாள் ஒரு தாய். அந்தக் கல்லூரிக்காரன் உங்களுக்கு என்ன தருகிறான் என்று யாரோ கத்தினார்கள். நீரூற்றுப் புத்தகக் கட்டுகளை வரவேற்பறை அம்மாள் மேசை இழுப்பறைக்குள் திணிக்கப் பார்த்தாள், இழுப்பறை மூடவில்லை. இன்றைக்குக் காந்தம் சரியில்லை என்று சொல்லிவிட்டு ஊசல் ஐயா உள்ளறைக்குப் போனார். போகும்போது ஊசலை மேசையிலேயே விட்டுவிட்டார். யாரும் பிடிக்காததால் அது சுற்றவில்லை. அத்தனை நேரமும் சுற்றியது கை என்பது அப்போதுதான் சிலருக்கு உறைத்தது. கூட்டம் பாதி இறங்கிப் போனது. மீதிப் பாதி, ஐயா எப்போது திரும்ப வருவார் என்று கதவருகே விசாரித்துக்கொண்டிருந்தது.

அப்பா பழைய கல்லூரிப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அவள் பின்னால் போனாள். பாதிப் படியில் யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். தையல்கடை அக்கா. மூச்சு வாங்க ஓடி வந்திருந்தாள். அவள் மகள் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அக்கா மூன்று உறைகளையும் விசிறி மாதிரி விரித்து நீட்டினாள்.

“கண்ணு, அந்த ஆளு ஃபிராடுன்னு நல்லாத் தெரிஞ்சுபோச்சு. நீதான் அவனையே மடக்கின பொண்ணு. உன் கை ராசியான கை. நீயே ஒண்ணை எடுத்துக் குடும்மா, அதுலயே இவளைச் சேர்த்துடறேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. அவ்வளவு நம்பிக்கை அந்த முகத்தில். மேலே ஊசல் ஐயா காலி செய்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து படியிலேயே அவளுக்குப் போட்டுவிட்டது போலிருந்தது, அவள் உட்கார்ந்தால் போதும்.

அக்காவைத் தாண்டி அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டாள்: “உனக்கு என்ன படிக்கணும்?”

அந்தப் பெண் நகத்தைக் கடிப்பதை நிறுத்தினாள். இதுவரை அவளை யாரும் அதைக் கேட்டதில்லை போலிருந்தது. அம்மாவின் முதுகைப் பார்த்தாள். 

“அவளுக்கு என்ன தெரியும், நீ எடும்மா” என்றாள் அக்கா.

“நாளைக்கு வேலை நாள்தான் அக்கா. மூணு காலேஜுக்கும் இவளைக் கூட்டிட்டுப் போங்க. வெளியில வர்ற பிள்ளைங்ககிட்டக் கேளுங்க. கல்லுகிட்டக் கேட்டீங்க, என்கிட்டக் கேட்டீங்க. படிக்கப்போறவகிட்ட ஒரு வார்த்தை கேட்கலாமே.”

உறைகள் இன்னும் அவள் முகத்துக்கு நேராக நீண்டிருந்தன. ஒன்றை மட்டும், சும்மா தொட்டாவது கொடு என்று அக்கா கெஞ்சினாள்.

“மாட்டேன் அக்கா” என்று சொல்லிவிட்டு, அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.