மச்சானின் கோபம், தேதிவாரியாக

மச்சான் எதற்காகத் தன்னோடு பேசுவதில்லை என்பது மாரீஸ்வரனுக்கு ஏழு வருடமாகத் தெரியாது. தெரியாமலே நன்றாகத்தான் இருந்தான். இப்போது மகளுக்குக் காதுகுத்து. இன்னும் பத்தே நாள். தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளையை எங்கே உட்காரவைப்பது?

"சிக்கல் ஊருக்குப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்துருறேன் கோகிலா."

"எதுக்கு மன்னிப்புன்னு எங்கண்ணன் கேட்டா என்ன சொல்லுவிய?"

"நீயாச்சும் கேட்டுச் சொல்லேன்."

"நான் கேட்டா, 'உன் புருசனையே கேளு'ன்னுட்டுப் போயிருது."

மாரீஸ்வரனுக்கு மண்டபம் ஊரில் மீன் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. எந்தத் தேதியில் எந்தப் படகில் யார் போனார்கள் என்று கேட்டால் அங்கே ஏஐ சொல்லிவிடும். அதே மாதிரி ஒன்றைச் சொந்தபந்தங்களுக்கும் செய்துவைத்திருந்தான். ஆட்களெல்லாம் முடிச்சுகள், உறவுகளெல்லாம் நூல்கள், நூலுக்கு நூல் தேதி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்த செய்தி, போட்டோ, பத்திரிகை எல்லாம் அதற்குள் அடக்கம். தேதியைச் சொன்னால் போதும், அன்றைக்கு இருந்த நிலைமை அப்படியே வந்து நிற்கும். தேடிக் கொடுக்கிற ஏஐக்கு 'எடுபிடி' என்று பேர். குரூப்பில் யார் வேண்டுமானாலும் எடுபிடியைக் கேட்கலாம். கோபித்துக்கொண்டவர்கள்கூட அதற்காகவே குரூப்பை விட்டுப் போகவில்லை.

"மச்சான் பேச்சை நிறுத்துன சமயத்துல என்ன நிலைமை, இப்ப என்ன நிலைமை? ஒப்பிட்டுச் சொல்லு," என்று தட்டினான்.

எடுபிடி பதில் போட்டது: "2018 ஆவணியில் உங்கள் மச்சான் யோகேஸ்வரன் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஒரு கிரைண்டர் வந்தது. பத்து நாளில் பேச்சு நின்றது. கிரைண்டர் இன்றும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. குறிப்பு: இதே கேள்வியைச் சிக்கலிலிருந்து ஒருவர் பதினோரு முறை கேட்டிருக்கிறார்."

"மச்சான் சம்சாரம் பானுப்பிரியாவாத்தான் இருக்கும். பாவம், தங்கச்சிக்கும் தெரியல போல," என்று சொல்லிக்கொண்டான்.

கோகிலா சொந்தங்களை அழைக்கப் போயிருந்த நேரம் பார்த்து, கிரைண்டரைப் பளபளவென்று துடைத்து, லோடு ஆட்டோவில் ஏற்றி, மச்சான் வாசலில் இறக்கினான். யோகேஸ்வரன் கிரைண்டரைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

கோகிலா வந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "அது புதுவீட்டுக்கு எங்கண்ணன் செஞ்ச சீருங்க! சீரத் திருப்பிக் கொடுத்தா உறவே வேணாம்னுல்ல அர்த்தம்!"

"நான் இரவல்னுல்ல நெனச்சேன்!"

"அது வந்து இறங்குறப்ப நீங்க பந்தல்காரர்கூட மல்லுக்கு நின்னிய. உங்களுக்கு எங்க தெரியும்?"

மாரீஸ்வரன் மறுபடி எடுபிடியைப் பிடித்தான். "2018-லயே நில்லு. வேற என்ன இருக்கு?"

"புதுவீட்டுப் பத்திரிகையில் யோகேஸ்வரன் பெயர் அச்சாகவில்லை."

அப்படியா சேதி! பத்திரிகையில் விட்ட பேரைப் பேனரில் போட்டுவிட்டால் போயிற்று. வாசகத்தையும் எடுபிடியிடமே வாங்கி, ஆளுயரத்துக்கு அடித்து, சிக்கல் பஸ் ஸ்டாப்பில் கட்டினான்: 'தாய்மாமன், மிளகாய் விவசாயிகள் சங்கத் தலைவர் யோகேஸ்வரன் அவர்களே வருக!'

சாயங்காலமே கோகிலாவுக்குப் போன் வந்தது.

"மதினி பேசுனாக. எங்கண்ணன் சங்கத் தேர்தல்ல தோத்து நாலு வருசமாச்சாம். பஸ் ஸ்டாப்புல ஊரே நின்னு சிரிக்குதாம்!"

"எந்தக் காலத்து நிலைமையச் சொன்ன நீ?" என்று எடுபிடியிடம் பாய்ந்தான்.

"2018-லேயே நிற்கச் சொன்னீர்கள். நின்றுகொண்டிருக்கிறேன்."

வேறு வழியில்லாமல் மறுநாள் காலையில் தானே பஸ் ஏறினான். பேனரை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மச்சான் வாசலில் போய் நின்றான். "எல்லாம் என் தப்புத்தான் மச்சான். பிள்ள உங்க மடியில உக்காரணும்." யோகேஸ்வரன் சுருட்டிய பேனரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

காதுகுத்தன்று குலசாமி கோயிலில் ஆசாரி ஊசியோடு தயார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பிள்ளையும் தயார். மடிதான் இல்லை. கோகிலா முகத்தைப் பார்க்கவே மாரீஸ்வரனுக்குப் பயமாக இருந்தது.

அப்போது ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. சீர்த்தட்டுகளுக்கு நடுவில், மாலை போட்ட அதே கிரைண்டர்.

"ஏன் மாப்ள, இத ஏத்தி இறக்குறது லேசுப்பட்ட வேலையா?" என்றபடி இறங்கினார் யோகேஸ்வரன். ஏழு வருடத்தில் முதல் பேச்சு.

"நீங்க வந்ததே போதும் மச்சான்," என்று ஓடிப்போய்ச் சீர்த்தட்டை வாங்கினான். மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்து, ஊசி இறங்கி, வீல் என்று அலறியபோது அப்பனும் சேர்ந்து அழுதான். குலசாமிக்கும் மச்சானுக்கும், போகிறது என்று எடுபிடிக்கும் மனதார நன்றி சொன்னான்.

பந்தியில் பானுப்பிரியாவுக்குப் பாயசம் ஊற்றும்போது மெல்லக் கேட்டான். "எத்தனையோ தடவ எடுபிடியக் கேட்டியே தங்கச்சி, மச்சானுக்கு என்ன கோவம்னு தெரிஞ்சுதா?"

"நான் எங்க கேட்டேன் அண்ணே? பதினோரு தடவையும் கேட்டது இவுகதான்! காரணமே மறந்துபோன கோவத்த எப்படி விடுறதுன்னு தவிச்ச மனுசனுக்கு, நல்லவேள, மன்னிக்கிறதுக்குத் தோதா நீங்க புதுசா ரெண்டு தப்புப் பண்ணிக் கொடுத்திய!"