தங்க அட்டைக்கு இன்னும் இரண்டு பயணம்

மானுட குலத்தின் மேலான கவனத்துக்கு: டிசம்பர் பதினொன்றாம் தேதி காலை பத்தே காலுக்கு, பம்பு கம்பெனி ஒன்றின் தரப் பரிசோதகர், தமது தங்க அட்டைக்கு இன்னும் இரண்டே இரண்டு விமானப் பயணம்தான் குறைகிறது என்ற பேருண்மையைக் கண்டறிந்தார். அப்போது அவர் கையில் ஒழுகுகிற பம்பு ஒன்று இருந்தது. அதன் மீது ‘தேறியது’ என்று முத்திரை குத்திவிட்டார்.

வருஷம் பூராவும் பம்பு பார்க்க ஊர் ஊராகப் பறக்கிற மனிதர் அவர். விமானக் கம்பெனியோ பறக்கிறவர்களை வெள்ளி, தங்கம் என்று தரம் பிரித்து வைத்திருந்தது. வெள்ளி அட்டைக்காரருக்குப் பெட்டியில் மாட்ட ஒரு பட்டையும், பிறந்தநாளுக்கு ஒரு குறுஞ்செய்தியும் கிடைக்கும். தங்க அட்டைக்காரருக்கு விமான நிலையத்தில் லவுஞ்சு என்கிற சொகுசு ஓய்வறையின் கண்ணாடிக் கதவே திறக்கும். டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் ஐம்பது பயணம் சேராவிட்டால் எல்லாம் அழிந்து மறுபடி பூஜ்யம்.

லவுஞ்சு நாற்காலிக்கு அவர் அலையவில்லை. பிரச்சினை அவருடைய சகலை.

மனைவியின் அக்கா புருஷன். பெரிய பெரிய இடங்களுக்கெல்லாம் ‘தீர்வு’ சொல்லும் தொழில் என்பார். போன மே மாதம் இரண்டு குடும்பமும் சேர்ந்து பயணம் கிளம்பியபோது, விமான நிலையத்தில் ஏழு பேரை இரும்பு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, “ஒரு அரை மணி நேரம், வந்துடறேன்” என்று அந்தக் கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தார். வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். திரும்பி வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“உள்ள நாற்காலி ரொம்ப மெத்துனு இருக்கு சகலை. முதுகுக்கு ஆகாது. நீங்க உக்காந்திருக்கிற இதுதான் நல்லது.”

அன்றே பரிசோதகர் பல்லைக் கடித்துச் சபதம் எடுத்தார்.

கூட்டாளிக் கம்பெனி விமானங்களில் பறந்தாலும் பயணம் சேரும் என்று விதி இருந்தது; அதில் டிக்கெட்டும் மலிவு. கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி, அலுவலகத்திலும் விடுப்புச் சொல்லிவிட்டு, கூட்டாளி விமானம் ஒன்றில் ஏறினார். ஒரு மணி நேரத் தூரத்தில் ஓர் ஊர். போய் இறங்கி, கழிவறைக்குப் போய்விட்டு, அதே விமானத்தில் திரும்பினார். அந்த ஊரில் அவர் பார்த்தது அந்தக் கழிவறை மட்டும்தான்.

மூன்று நாள் கழித்தும் நாற்பத்தெட்டு நாற்பத்தெட்டாகவே இருந்தது. போன் போட்டார்.

“சார், நீங்க வாங்கினது ‘கே’ ரக டிக்கெட். கூட்டாளி விமானத்துல அந்த ரகம் சேராது” என்றது மறுமுனைப் பெண்குரல்.

“ஏம்மா, நான் பறந்தேனா இல்லையா?”

“பறந்தீங்க சார்.”

“வானத்துலதானே?”

“ஆமா சார். ஆனா நீங்க பறந்ததை நாங்க பறந்ததா எடுத்துக்க மாட்டோம்.”

“அப்ப நடுவானத்துல என்னை இறக்கி விட்டிருக்கணும்! ஏன் விடல?”

இசை போட்டுவிட்டார்கள்.

சளைக்கிற ஆளா அவர்? அடுத்த வாரம் இன்னொரு பல். இந்தத் தடவை ‘ஒய்’ ரகம் என்று மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே வாங்கினார். போனார், அதே கழிவறை, வந்தார். அப்போதும் நாற்பத்தெட்டு.

“சார், பயணம் சேர்ந்திருக்கு. ஆனா எங்ககிட்ட இல்ல” என்றது குரல். “நீங்க அந்தக் கூட்டாளியோட சங்கத்துலயும் உறுப்பினரா இருக்கீங்க. அங்க போயிடுச்சு.”

நாலு வருஷத்துக்கு முன் கழுத்துத் தலையணை சும்மா தருகிறார்கள் என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டது ஞாபகம் வந்தது.

“அங்கேர்ந்து இங்க மாத்துங்க.”

“ஒரு தடவை சேர்ந்தா சேர்ந்ததுதான் சார்.”

தலையணை கொடுத்த கம்பெனியோ பூரித்துப்போய் பறந்த தேதியையும் போட்டு வீட்டுக்கே ஒரு வரவேற்புக் கடிதம் அனுப்பியது. அதை மனைவி பிரித்தாள்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுமுன்பே கேள்வி வந்தது.

“என்னங்க, ‘எங்கள் குடும்பத்தில் உங்களை அன்போடு வரவேற்கிறோம்’னு எழுதியிருக்கு. எந்தக் குடும்பம்?”

“அது... விமானக் கம்பெனி.”

“பல்லு பிடுங்கின அன்னிக்கு உங்களுக்கு என்ன விமானம்? வாயைத் திறங்க.”

திறந்தார். அவள் டார்ச் அடித்து எண்ணினாள். முப்பத்திரண்டும் இருந்தன.

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. வேறொரு குடும்பம் இல்லை என்று தெரிந்ததும் மனைவிக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியோடு கோபமும் வந்தது.

“கழிவறைக்குப் போறதுக்கு ரெண்டு தடவை விமானம் ஏறின ஒரே மனுஷன் நீங்கதான். எங்க அத்தான் உள்ள போனா போயிட்டுப் போறாரு. உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

“மரியாதை குறைஞ்சு போச்சு! நான் யார் கால்லயும் விழல. முறைப்படி பறந்து வாங்கறேன். அந்தக் கதவு எனக்குத் திறக்கணும். திறந்தே ஆகணும்!”

“இங்க குளியலறைக் கதவு மூணு மாசமா சாத்த வரமாட்டேங்குது. அதைப் பாருங்க முதல்ல.”

மிச்சமிருந்தது முப்பத்தொன்றாம் தேதி ஒரே நாள். அன்று பெரிய ஆர்டர் ஒன்றின் கடைசிப் பரிசோதனை. மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

“மூணாவது பல்லா?”

பரிசோதகர் நிமிர்ந்து நின்றார். “இல்ல சார். பல்லெல்லாம் நல்லா இருக்கு.” விடுப்புக் கடிதத்தை நீட்டினார். காரணம் என்ற இடத்தில் ‘சுயமரியாதை’ என்று எழுதியிருந்தது.

மேலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தலைமைப் பரிசோதகர் பதவிக்கு உங்க பேரைத்தான் எழுதி வச்சிருந்தேன். முப்பத்தொண்ணாம் தேதி நீங்க இங்க இல்லைன்னா அடிச்சிடுவேன்.”

“அடிச்சுக்கோங்க சார். பேனா இருக்கா, தரட்டுமா?”

முப்பத்தொன்றாம் தேதி காலை, இந்தத் தடவை அட்டை தருகிற கம்பெனியின் விமானத்துக்கே டிக்கெட் எடுத்துப் போனார். விமான நிலையக் கவுன்ட்டரில் இருந்த பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“சார், உங்களுக்கு அதிர்ஷ்டம்! விமானம் நிரம்பிடுச்சு. உங்களை வேற கம்பெனி விமானத்துல மாத்தியிருக்கோம். முதல் வரிசை. காலை நீட்டிப் படுத்துக்கலாம். சூடா சாப்பாடு.”

“அது கூட்டாளிக் கம்பெனியா?”

“இல்ல சார், வேற.”

“வேண்டாம்.”

“சார், முதல் வரிசை...”

“எனக்குப் படுக்க வேண்டாம், சாப்பாடு வேண்டாம். இந்த விமானத்துலயே, நடு சீட்டு, கடைசி வரிசை, கழிவறை ஓரம். அதுதான் எனக்கு வேணும். அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

பின்னால் வரிசை முணுமுணுத்தது. “யோவ், சொர்க்கத்தைக் கொடுத்தா வேணாங்கிறான்யா” என்றார் ஒருவர்.

“அந்த சொர்க்கத்துக்கு நீங்க போங்க!” என்று திரும்பிக் கத்தினார் பரிசோதகர். அந்த ஆள் உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். அவருடைய கடைசி வரிசை நடு சீட்டு பரிசோதகருக்குக் கிடைத்தது. இரண்டு தடித்த மனிதர்களுக்கு நடுவே மூச்சை உள்ளே இழுத்துப் போனவர், அன்று மாலை அதேபோல் திரும்பி வந்தபோதுதான் வெளியே விட்டார்.

ஐம்பது.

ஜனவரியில் அட்டை வந்தது. பதவியும் போனது. மேலாளர் சொன்னதைச் செய்கிறவர். தலைமைப் பரிசோதகர் நாற்காலியில் இப்போது வேறொருவர் இருந்தார். பரிசோதகரைக் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் பிரிவில் போட்டார்கள். ‘பயணம் தேவையில்லாத பொறுப்பு’ என்று உத்தரவில் எழுதியிருந்தது.

“போகட்டும். இதை யாராலயும் பிடுங்க முடியாது” என்று அவர் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டார்.

பிப்ரவரியில் மகளைப் பார்க்க வெளியூர் போகச் சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து, மனைவியோடு நாலு மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் இறங்கினார். கண்ணாடிக் கதவுக்கு முன் நின்று, வரவேற்புப் பெண்ணிடம் அட்டையை நீட்டினார்.

“வாங்க சார். மேடமும் வரலாம்.”

கதவு திறந்தது. அவர் உள்ளே போகவில்லை. வாசற்படியில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்றார்.

“எங்களை ஒரு படம் எடும்மா. இந்தக் கதவு தெரியணும். கையில அட்டையும் தெரியணும்.” பிறகு மனைவியிடம், “எடுத்த கையோட உங்க அத்தானுக்கு அனுப்பு. ‘முதுகுக்கு ஒண்ணும் ஆகல’ன்னு சேத்து எழுது” என்றார்.

அந்தப் பெண் மனைவியின் போனை வாங்கிப் படம் எடுத்தாள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் திரையைத் தள்ளியபோது படங்கள் மளமளவென்று ஓடி, மே மாதப் பயணத்துப் படம் ஒன்று திரையில் வந்து நின்றது. நடுவில் சகலை, கூலிங்கிளாஸோடு.

“அட, இவரு உங்க சொந்தக்காரரா?”

“என் சகலை” என்றார் பரிசோதகர், நெஞ்சை நிமிர்த்தி. “இங்க அடிக்கடி வருவாரே. அவரும் தங்க அட்டைதான். ஆனா ஒண்ணு, இன்னிலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் சமம்.”

“அவருகிட்ட அட்டையெல்லாம் கிடையாது சார். இங்க மாசாமாசம் கரப்பானுக்கு மருந்து அடிக்க வர்றவரு.”